பை எடுத்தவள்

சுடலைமாடத்தி எழுந்த இடத்தில் சாக்கு நனைந்திருந்தது. பூண்டு பரப்பிய வெள்ளைச் சாக்கு. அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது.

“யாரு பிள்ளே இங்க மொளகாத்தூளக் கொட்டினது?” என்று மேற்பார்வைக்காரர் தாணுலிங்கம் வாசலிலிருந்தே சத்தம் போட்டார். கிட்ட வந்தார். அவளுடைய கணுக்காலைப் பார்த்தார். சட்டென்று திரும்பி, மூலையில் கிடந்த தராசைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

சுடலைமாடத்தி சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். சுவர் எட்டவில்லை. பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ரத்னாபாய்தான் அவளைத் தாங்கிப் பிடித்தாள். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினாள்.

“ஆட்டோ விளியும் ஓய்! தராச என்னத்துக்குப் பாத்துட்டு நிக்கீரு?”

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற கிட்டங்கிகளில் பெண்களுக்குத்தான் வேலை. புளி கொட்டை எடுப்பது, பூண்டு உரிப்பது, மல்லி புடைப்பது, வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது. இதில் மிளகாய் மட்டும் யாருக்கும் வேண்டாதது. நாள் முழுக்கத் தும்மல். ராத்திரி சோற்றில் கை வைத்தால் விரல் எரியும். பால்குடிப் பிள்ளையைத் தொட முடியாது. அதனால்தான் வாரத்துக்கு ஒருத்தி என்று முறை வைத்திருந்தார்கள். ஒரு வருஷமாக அந்த முறை குழம்பிப்போயிருந்தது. யாருடைய மிளகாய் முறை வந்தாலும் சுடலைமாடத்தி, “நான் இருந்துக்கிடுதேன், நீ புளிக்குப் போ” என்று சொல்லிவிடுவாள். சிலர் அவளை அப்பாவி என்றார்கள். சிலர், தாணுலிங்கத்திடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள்.

அன்றைக்கு மழையில் மிளகாய் லாரி ஆரல்வாய்மொழியிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் பூண்டுக்கு உட்கார வேண்டியதாயிற்று.

ஆட்டோ பழவங்காடியைத் தாண்டும்போது ரத்னாபாய்க்கு ஒன்று தோன்றியது. மடியில் தலை வைத்துக் கிடந்தவளைக் குனிந்து பார்த்தாள்.

“பிள்ளே, சிவப்புக்குள்ள சிவப்பு தெரியாதுன்னா நீ மொளகாயிலயே இருந்த?”

சுடலைமாடத்தி கண்ணை மூடிக்கொண்டே தலையை அசைத்தாள்.

“என் கர்த்தாவே! ஒரு வருசமாட்டா?”

“குடும்பக் கட்டுப்பாடு பண்ணின ஒடம்பு, அக்கா. அப்பிடித்தான் போவும்னு எல்லாரும் சொன்னாவ.”

“எவ சொன்னா? சொன்னவள கொண்டு வா, அவ வாயில அந்த மொளகாயத் திணிக்கேன்.”

பெண்கள் ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. கல்லூரியிலிருந்து மகள் கலைச்செல்வி ஓடி வந்தாள். திருவனந்தபுரத்திலேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சீட்டு எடுப்பதும் வரிசையில் சண்டை போடுவதும் அவளுக்குச் சுலபம். டாக்டர் ஷிஜாவுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. நாகர்கோவிலில் படித்த டாக்டர். தமிழ் வரும், அவசரத்தில் மட்டும் மலையாளம் கலந்துவிடும்.

டாக்டர் சுடலைமாடத்தியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

“ரத்தம் பன்னிரண்டு இருக்கணும். இவங்களுக்கு அஞ்சுதான் இருக்கு. இதை வச்சிட்டு எப்படி வேலைக்குப் போனாங்க?”

அப்புறம் ஸ்கேன். திரையில் கருப்பும் சாம்பலுமாக ஏதோ தெரிந்தது. டாக்டர் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

“கர்ப்பப்பையில முழ இருக்கு. கட்டி. ஒண்ணு தேங்கா அளவு. உள்பக்கம் ஒரு செறியது. அந்தச் செறியதுதான் இத்தனை ரத்தத்தையும் வெளியே விடுறது. பைப்ராய்டுன்னு பேரு. கேன்சர் அல்ல, கேட்டோ. முதல்ல அட்மிட் ஆகணும், ரத்தம் ஏத்தணும். மத்ததெல்லாம் பின்னே.”

அதைச் சொல்லும்போதுதான் அவள் புருஷன் தளவாய் உள்ளே நுழைந்தான். சாலைக் கம்போளச் சந்தையில் சுமை இறக்கிக்கொண்டிருந்தவன் யூனியன் நீலச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். தலையில் கட்டிய சும்மாட்டுத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அவன் காதில் விழுந்தது இரண்டே சொல். கட்டி, கேன்சர். நடுவில் இருந்த எதுவும் விழவில்லை.

“வயிறு இத்தனை பெருசானது தெரியலையா?” என்று டாக்டர் கேட்டார்.

தளவாய் மனைவியின் வயிற்றைப் பார்த்தான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் அதைத் தட்டி, “கேரளத்துச் சோறு ஒனக்குத்தான் ஒத்துக்கிட்டு. முதலாளியம்மா மாதிரி தொப்பையப் பாரு” என்று சிரித்திருந்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

“ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே.”

“என்னன்னு சொல்ல?” என்றாள் சுடலைமாடத்தி.

அவன் வெளியே போய் ஊருக்குப் போன் போட்டான். அவளுடைய அக்கா பொன்னம்மைக்கு. சங்கரன்கோவில் பக்கத்தில் அவர்கள் ஊரில் பெண்களுக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் கேட்பது பொன்னம்மையிடம்தான்.

“மைனி, கட்டியாம்.”

“பதறாதிய. அங்கன ஒண்ணும் செய்யாண்டாம். நான் காலம்பற வாரேன். நம்ம டாக்டருக்கு வியாழக்கிழமதான் ஆப்பரேசன் நாளு. அவரு கைராசிக்காரரு. ஒரே நாளு வேல, பைய எடுத்துப்போட்டா கட்டியும் போச்சு, தொல்லையும் போச்சு.”

தளவாய்க்கு மூச்சு வந்தது. கட்டியை வெளியே எடுக்க ஓர் ஆள், ஓர் இடம், ஒரு நாள் கிடைத்துவிட்டது. டாக்டர் ஷிஜா எவ்வளவு சொல்லியும், “நாளைக்கு வந்து சேருதோம்” என்று அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். ரத்தம் நிற்க டாக்டர் மாத்திரை கொடுத்தார். கலைச்செல்வியிடம், “மோளே, நாளைக்கு நீயே பிடிச்சிட்டு வா” என்று தனியாகச் சொன்னார்.

மறுநாள் காலை, அவர்கள் குடியிருந்த கிள்ளிப்பாலத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் தண்ணீர் நின்றது. பொன்னம்மை சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கட்டைப் பையோடு வந்தாள். உள்ளே வந்ததும் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கருப்பட்டி, உளுத்தம்மாவு, நல்லெண்ணெய், சுட்ட கருவாடு.

“ஆப்பரேசன் பண்ணினவளுக்கு உளுந்தங்களிதான் இடுப்புக்குப் பெலம். இந்த ஊருல அது கெடைக்குமா? மரச்சீனிக் கெழங்கத் திங்கிற ஊரு.”

“கெடைக்கும் பெரியம்ம. கடையில பாக்கெட்டில உண்டு” என்றாள் கலைச்செல்வி.

“பாக்கெட்ல ஒங்க ஊருல பெலமும் விக்கானா? வாங்கி எனக்கு ரெண்டு தா.”

படுத்திருந்த சுடலைமாடத்திக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னம்மை தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். தங்கைக்கு அல்ல, தனக்கு. வெளியே மழை, வீட்டுக்குள் ஈரக் குளிர். அவளுக்கு மட்டும் கழுத்தில் வேர்வை வழிந்தது.

“பயப்படாதட்டி. நான் எடுக்கும்போது எனக்கு இருவத்தொம்பது. ஒனக்கு நாப்பத்தொண்ணு. நீ குடுத்துவச்சவ, இம்புட்டு நாளு வச்சிருந்திருக்க.”

“வலிக்குமாக்கா?”

“வலி என்ன வலி. மாசாமாசம் துணியத் தேட வேண்டாம், அஞ்சு நாளு மூலையில கெடக்க வேண்டாம். கோயில் படப்புச் சோறு ஆக்கதுக்கு நம்ம ஊருல கெழவியளத்தானே விடுவாவ? பை எடுத்தபொறவு என்னைய விட்டாங்கல்லா. இருவத்தொம்பது வயசுல மாடசாமி முன்னாடி அகப்பையப் புடிச்சது நான்தான். அதப் பாத்துட்டுத்தான் மத்தவளுவளும் எங்கிட்ட வந்தாளுவ. என்னையும் கூட்டிட்டுப் போக்கா, என்னையும் கூட்டிட்டுப் போக்கான்னு.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. அதில் பொய் இல்லை. ஊரில் அவளுக்கு அது பெரிய மரியாதை. ஒருத்தியைக் கூட்டிப்போனால் மேசையில் ஏற்றும்வரை கையை விடமாட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து களி கிண்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

“வியாழக்கிழமைக்கு நீ, அப்புறம் பால்பாண்டி பொண்டாட்டி. சின்னப் பிள்ள, இருவத்தஞ்சுதான். அவளுக்கும் கட்டியாம், நெலக்கடல அளவு. இப்பமே எடுத்துட்டா புத்துநோயா மாறாது.”

“இன்னைக்கு மத்தியானம் தம்பானூர்ல வண்டி ஏறிருவோம்” என்றான் தளவாய்.

கலைச்செல்வி குறுக்கே வந்தாள். “ஸ்கேன் படம் ஆஸ்பத்திரியிலயில்லே இருக்கு? அது இல்லாதெ அங்க போய் எந்து காட்டுவீங்க?”

“அதும் செரிதான். நம்ம டாக்டரு படம் கேப்பாரு” என்றாள் பொன்னம்மை. “போற வழியில வாங்கிட்டுப் போவோம்.”

அப்படித்தான் நான்கு பேரும் மூட்டை முடிச்சோடு டாக்டர் ஷிஜாவின் அறைக்குள் நுழைந்தார்கள்.

“எங்கே போறீங்க? பஸ்ஸிலா? இந்த ரத்தத்தை வச்சிட்டா?” டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “தளவாய், நான் நேரா சொல்றேன். இந்த நிலையில மயக்க மருந்து கொடுத்து வயித்தைத் திறந்தா இவங்க மேசையிலேயே போயிடுவாங்க. ரத்தம் ஏத்தி, உடம்பைத் தேத்தி, அப்புறம்தான் எது செய்தாலும்.”

தளவாய் பொன்னம்மையைப் பார்த்தான்.

பொன்னம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நான் கொண்டு போனவள்ல ஒருத்தியும் சாவல்ல டாக்டரம்மா.”

“எத்தனை பேரைக் கொண்டு போயிருக்கீங்க?”

“அத யாரு எண்ணுனா? எங்க தெருவுல இன்னும் பை உள்ளவள எண்ணினா லேசா எண்ணிரலாம்.”

“எல்லாருக்கும் முழயா?” என்றார் டாக்டர்.

“சிலவளுக்குக் கட்டி. சிலவளுக்கு வெள்ளப்பாடு. சிலவளுக்கு இடுப்பு வலி. எல்லாத்துக்கும் அதான் மருந்து. விட்டா புத்தால்லா மாறிரும்?”

“ஆரு சொன்னது?” டாக்டருக்கு மலையாளம் முந்திக்கொண்டது. “அம்பது வயசு ஆகறதுக்குள்ள பாதிப் பெண்களுக்கு மேல இந்தக் கட்டி வரும். பலருக்கு அது இருக்கிறதே தெரியாது. ஆயிரத்தில ஒண்ணுகூடப் புற்றா மாறாது. நிலக்கடலை அளவு இருந்து தொல்லையும் இல்லன்னா சும்மா விட்டுட்டு வருஷத்துக்கு ஒருக்கா பார்த்தால் மதி, போதும். மாசக்குளி நின்னதும் தானே சுருங்கிடும்.”

“சும்மா விடுததா? கட்டியையா?”

“அதே. சும்மா விடுறதும் ஒரு சிகிச்சைதான். ரத்தம் அதிகமா போனா அதை நிறுத்த மாத்திரை இருக்கு. உள்ளே வைக்கிற ஒரு சின்ன மருந்து வளையம் இருக்கு.”

“எனக்கு அத வைக்கலாமா?” என்று கேட்டாள் சுடலைமாடத்தி. அவள் பேசியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அங்கே இருப்பதையே மறந்துபோயிருந்தார்கள்.

“உங்களுக்கு உள்கட்டி பையோட வடிவத்தைக் கோணலாக்கிடுச்சு. வளையம் நிக்காது. உங்களுக்கு மூணு வழி. மணிக்கட்டு வழியா மெல்லிசா குழாய் விட்டு, கட்டிக்குப் போற ரத்தக்குழாயை அடைக்கலாம். கட்டி பட்டினி கிடந்து சுருங்கும், அதுக்கு மாசக்கணக்காகும். இல்லன்னா கட்டியை மட்டும் எடுத்துட்டுப் பையைத் தைக்கலாம். வேற கட்டி பின்னால வரலாம், வராமலும் இருக்கலாம். மூணாவது, கர்ப்பப்பையை எடுக்கறது. அப்பவும் ஓவரியை விட்டு வைப்போம், இந்த வயசில அது வேணும்.”

“அது என்னது?”

“சினைப்பை, அம்மா” என்றாள் கலைச்செல்வி. அம்மாவுக்குப் புரியாததைப் பார்த்து, “முட்டைப்பை. ரெண்டு பக்கமும் ரெண்டு இருக்கும்” என்றாள்.

டாக்டர் இப்போது பொன்னம்மையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவளின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சேச்சி, இந்த வேர்வை எப்ப இருந்து?”

“இதா? பை எடுத்து ஒரு வாரத்துல ஆரம்பிச்சுது. ஒடம்புக்குள்ள அடுப்பு மாதிரி. சாமிச் சூடுன்னு எங்கூர்ல சொல்லுவாவ. படப்புச் சோறு ஆக்கதுல்லா.”

“உறக்கம்?”

“அது எங்க வருது.”

“அந்தக் கை என்ன ஆச்சு?”

பொன்னம்மை கோணலாகக் கூடியிருந்த மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “கொடத்தத் தூக்குனேன், ஒடிஞ்சுது. விழல்ல, ஒண்ணுமில்ல. சும்மா தூக்குனேன்.”

“உங்களுக்கு ஓவரியை விட்டாங்களா, எடுத்துட்டாங்களா?”

“அது என்னமோ, எனக்குத் தெரியாது. பைய எடுக்கோம்னுதான் சொன்னாவ.”

டாக்டர் எழுந்து திரையை விலக்கினார். “வாங்க. ரெண்டு நிமிஷம்.”

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. சொகக்கேடு அவளுக்கு.”

“வாங்க.”

திரைக்கு அந்தப்பக்கம் கலைச்செல்விதான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கருவியை வயிற்றில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நகர்த்தினார். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினார்.

“காணலை, மோளே” என்றார் டாக்டர். “ரெண்டு பக்கமும். அது போனா இந்தச் சூடு, உறக்கமில்லாமை, மனசுக் கலக்கம், எலும்பு ஒடியறது எல்லாம் வரும்.”

கலைச்செல்வி சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ தடவை ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீசிலும் மொழிபெயர்த்திருக்கிறாள். இந்த ஒரு வரியைச் சொல்லப் பெரியம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியம்ம, உங்களுக்கு முட்டைப்பையும் சேர்த்து எடுத்திருக்கு.”

“யாரு எடுத்தா?”

“அந்த டாக்டர்தான். அன்னைக்கே.”

பொன்னம்மை எழுந்து சேலையைச் சரிசெய்தாள். நிதானமாகத்தான் செய்தாள். கொசுவத்தைச் செருகப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

“எனக்கு அன்னைக்கு எத்தன பெரிசு கட்டி இருந்துச்சு?” என்று தன்னையே கேட்டாள். “நெலக்கடல அளவுன்னுதான் சொன்னாவ.”

வராந்தாவில் தளவாய் பின்னாலேயே ஓடி வந்து என்ன என்று கேட்டான். கலைச்செல்விதான் அவனுக்கு விஷயத்தைச் சொன்னாள்; பொன்னம்மை பெஞ்சில் உட்கார்ந்தாள். மழைச்சாரல் அவள் காலில் அடித்தது. காலை இழுத்துக்கொள்ளவில்லை. சுடலைமாடத்தி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி சொடலி, குற்றாலலிங்கம் மகள ஒனக்குத் தெரியும்லா? போன வருசம் கூட்டிட்டுப் போனேன். வந்தபொறவு ஒறங்க மாட்டக்கா, அழுதா, சட்டியப் போட்டு ஒடைச்சா. பேயி அண்டிருக்குன்னு நான்தான் துன்னூறு பூசிவிட்டேன். வேப்பங்கொழயால அடிச்சாவ. நான் பாத்துட்டு நின்னேன்.”

“நீ தெரிஞ்சா செய்த?”

“என் கையப் புடிச்சிட்டுத்தான் எல்லாவளும் படுத்தாளுவ.”

தளவாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தோளில் தொங்கிய மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான். அதற்குப் பிறகு தம்பானூர் பேச்சை அவன் எடுக்கவில்லை.

சாயங்காலம் சுடலைமாடத்திக்கு ரத்தம் ஏறத் தொடங்கியது. அதற்கு ஈடாக ரத்தம் கொடுக்கத் தளவாயின் யூனியன் ஆட்கள் நீலச் சட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். தளவாய்தான் முதல் ஆளாகப் படுத்தான். நூறு கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் ஊசியைப் பார்த்ததும் கண் செருகி மயங்கிவிட்டான்.

“தளவாய்க்கு ரெண்டு பாட்டில் ஏத்தணும் போல இருக்கே” என்றான் கூட வந்த சுவாமிதாஸ். “சிஸ்டரே, எடுத்ததைத் திரும்பிக் கொடுத்துடுங்க.”

ரத்னாபாய் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தாள். கிட்டங்கியில் தாணுலிங்கம் அந்தச் சாக்கைத் தானே கொண்டுபோய்க் குழாயடியில் அலசினார் என்று சொன்னாள்.

பொன்னம்மை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஊருக்குப் போன் போட்டபடி இருந்தாள். பால்பாண்டியின் அம்மா எடுத்தாள். பொன்னம்மை சொல்லச் சொல்ல அந்தப்பக்கமிருந்து சிரிப்புதான் வந்தது.

“நீதானளா சொன்ன, கட்டிய விட்டா புத்தாவும்னு. இப்பம் நீயே வேண்டாங்க. மலையாளத்துல போய் என்னத்தக் குடிச்ச? மருமொவ வெரதம் இருக்கது மாதிரி தலைக்குக் குளிச்சுட்டு ஒக்காந்திருக்கா. அகப்பையப் புடிக்கப் போறோம்னு அம்புட்டுச் சந்தோசம்.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

புதன்கிழமை காலை டாக்டர் ஷிஜா வார்டுக்கு வந்தபோது சுடலைமாடத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

“எந்து தீருமானிச்சீங்க?”

தளவாய் முன்னால் வந்தான். “கட்டிய மட்டும் எடுத்தாப் போதும் டாக்டர். பைய எடுக்காண்டாம். மைனிக்கு ஆனது இவளுக்கு ஆவக்கூடாது.”

“ஆமா, தொடவே கூடாது” என்றாள் பொன்னம்மை.

“நான் உங்களைக் கேட்கலை” என்றார் டாக்டர்.

சுடலைமாடத்தி தன் கையில் இறங்குகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கட்டிய மட்டும் எடுத்தா, திரும்ப வந்தா திரும்பவும் வயித்தத் தொறக்கணுமா?”

“வேண்டி வரலாம். வராமலும் போகலாம்.”

“குழாய் விட்டு அடைச்சா?”

“மெதுவாத்தான் குறையும். உங்க உள்கட்டிக்கு அது முழுசா கேட்குமான்னு உறுதி சொல்ல மாட்டேன்.”

“முட்டைப்பைய விட்டுட்டு எடுத்தா, அக்காவுக்கு வந்த மாதிரி சூடு, எலும்பு ஒடியதெல்லாம் வருமா?”

“அதை விட்டு வச்சா அப்படி வராது. மாசக்குளி மட்டும் நிக்கும்.”

“அப்பம் எடுத்துருங்க.”

பொன்னம்மை கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ஏட்டீ! கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நேத்து இம்புட்டும் பாத்துட்டா இதச் சொல்லுத?”

“பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.”

“அம்மா, நல்லா ஆலோசிச்சா?” என்றாள் கலைச்செல்வி.

“எனக்கு ரத்தம் நிக்கணும். ஒரு தடவையோட முடியணும். பிள்ள பெத்தாச்சு, வளத்தாச்சு.” அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். “அக்கா, ஒன்னைய வேண்டாம்னு சொல்லவே ஒருத்தரும் விடல்ல. என்னைய வேணும்னு சொல்லதுக்காவது நீங்க விடுவியளா, மாட்டியளா?”

திருமணமான நாளிலிருந்து அவள் தளவாய்க்கு முன்னால் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

டாக்டர் தலையசைத்தார். “இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துவோம். ரெண்டு வாரம் உடம்பைத் தேத்துவோம். அதுக்குள்ள மனசு மாறினா என்னிடம் சொல்லலாம். எப்ப வேணும்னாலும்.”

பொன்னம்மை கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டைப் பையை இழுத்தாள். கருப்பட்டியையும் உளுத்தம்மாவையும் எடுத்துத் தங்கையின் தலைமாட்டில் வைத்தாள். வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எங்கக்கா போற? மழை கொட்டுது.”

“நாளைக்கு வியாழக்கிழம. அந்தப் பிள்ள பட்டினியா ஒக்காந்திருக்கா.”

“போன்ல கேக்காதவ நேர்ல கேப்பாளா?”

“அவ கேக்கல்லன்னா குற்றாலலிங்கம் மகளக் கூட்டிட்டுப் போய் வாசல்ல நிறுத்துவேன். அதுக்கும் அசையல்லன்னா அந்த மேசையில ஏறி நானே படுத்துக்கிடுதேன். இனி எங்கிட்ட எடுக்கதுக்கு என்ன இருக்கு?”

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்ட டாக்டரின் பக்கத்தில் போய் நின்றாள்.

“டாக்டரம்மா, நேத்து அதுக்கு ஒரு பேரு சொன்னியளே. ரெண்டு பக்கமும் இருக்கும்னு இந்தப் பிள்ள சொன்னாள்லா, அது.”

“ஓவரி.”

“ஓ…”

“ஓவரி. எழுதித் தரட்டுமா?”

“எழுதாண்டாம், எனக்கு வாசிக்கத் தெரியாது. நாளைக்கு அந்த டாக்டரு முன்னால நின்னு கேக்கணும். பேரு தெரியாம நின்னா என்னைய வெளிய தள்ளிருவாவ. இன்னொருக்கச் சொல்லுங்க.”

“ஓவரி.”

பொன்னம்மை உதட்டைக் குவித்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தாள். வராந்தாவில் கஞ்சிப் பாத்திரத்தோடு எதிரே வந்த ரத்னாபாய் என்னவோ கேட்டாள். அவள் நிற்கவில்லை. படியிறங்கி மழைக்குள் போகும்வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓவரி, ஓவரி, ஓவரி.